பூநாரை பார்க்கப் போய் மாலைச் சந்தையில் மாட்டிக்கொண்டேன்

மன்னாருக்குப் போனது பூநாரைகளுக்காகத்தான். நான் கண்டியில் பிறந்து வளர்ந்தவள். வேலை மாற்றலாகி வவுனியாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியும் எண்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கடலை இன்னும் பார்க்கவில்லையா என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மார்ச் முடிந்தால் பறவைகள் கிளம்பிவிடும். போவதென்றால் நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்.

காலை 6.15க்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். சாதாரண பஸ், 320 ரூபாய். முருங்கன்வரை தூங்கிவிட்டேன். தீவுக்குப் போகும் கடல் தாம்போதியில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புக் காற்று. 8.30க்கு மன்னார் நகரம்.

பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மெர்சி அக்காவின் சாப்பாட்டுக் கடை. ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் ஜெபமாலை, கையில் எப்போதும் ஒரு துணி. இடியப்பம், சொதி, மீன் குழம்பு 350 ரூபாய். சாப்பிட்டுக்கொண்டே என் மேலதிகாரியுடன் தொலைபேசியில் சிங்களத்தில் பேசினேன். வைத்ததும் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சிக்குச் சிங்களம் நல்லா வருமோ?”

“வரும் அக்கா. நான் கண்டி.”

“அப்ப மூண்டு மணிக்கு ஒருக்கா என்னோட வாறீங்களோ? ஆமிக்காரர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கினம். மொழி சொல்லுற பெடியன் லீவில போயிட்டானாம். எனக்குக் கொஞ்சம் விளங்கும், திருப்பிக் கதைக்க வராது.”

சரி என்றேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு ஓட்டோ பிடித்து வங்காலைப் பக்கம் போனேன். ஓட்டோக்காரர் தாராபுரத்து நியாஸ். காத்திருப்பு உட்பட 3,500 ரூபாய். பூநாரைகள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நின்றன. தொலைநோக்கி இல்லாமல் போனால் வெறும் இளஞ்சிவப்புக் கோடுதான் தெரியும். பார்த்துக்கொண்டே மூன்று மணிக் கூட்டத்தைப் பற்றி நியாஸிடம் கேட்டேன்.

“கடையள் அடுத்தடுத்து உடைபட்டது மிஸ். மெர்சி அக்காட காஸ் சிலிண்டரையும் தூக்கிட்டாங்கள். ஆமி லைற் போடப் போகுதாம், வந்தா நல்லம். லைற்றோட ஆக்களும் வந்தா…” தலையைச் சொறிந்தார். “எனக்குச் சொல்லத் தெரியேல்ல.”

மூன்று மணிக்குக் கடைத்தெருவின் பின்னால் இருந்த மண்டபத்துக்குப் போனோம். இருபது பேரளவில் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார். என்னை முன்வரிசைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். பின்னாலிருந்து யாரோ, “இவ ஆமிட ஆளோ?” என்று கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதிகாரி திட்டத்தை விளக்கினார். சனிக்கிழமைதோறும் நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை மாலைச் சந்தை. படையினர் தெருவோரக் கழிவுநீர் வடிகானைத் துப்புரவாக்குவார்கள், ஜெனரேட்டர் வைத்து விளக்குப் போடுவார்கள். கடைகளின் முன்னால் காவலுக்கு ஆட்கள் நிற்பார்கள். மலிவு விலையில் தேநீர் கொடுக்கப் படையினரே ஒரு கன்ரீனும் போடுவார்கள். நாளைக்கே தொடங்கலாம் என்றார். கடைக்காரர்களுக்கு நல்லதுதானே என்று எண்ணியபடி நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

மெர்சி அக்கா எழுந்தார். “வெளிச்சம் வேணும். வடிகானும் துப்புரவாக வேணும், அதுக்கு நன்றி. ஆனா தேத்தண்ணி நாங்கள் விக்கிற சாமான். அதையும் நீங்கள் வித்தா நாங்கள் எதுக்குக் கடை திறக்கிறது?”

அதைச் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டார்.

“அடுத்தது, என்ர கடை வாசலில ஆக்களை நிப்பாட்ட வேண்டாம். சண்டை நேரம் பிடிச்சுக்கொண்டு போன என்ர தம்பியைத் தேடி உங்கட முகாம் வாசலில நான் எத்தினை நாள் நிண்டனான், அவன் திரும்பி வரவே இல்லை. இப்ப நீங்கள் வந்து என்ர வாசலில நிண்டா, நான் எப்பிடி உள்ளுக்க இருந்து சமைக்கிறது?”

அதை முழுதாகச் சொல்ல நான் துணியவில்லை. கடை வாசலில் காவல் நிற்பது வாடிக்கையாளருக்கு இடைஞ்சலாக இருக்குமாம் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அக்கா என் தோளைத் தொட்டார். “தங்கச்சி, தம்பியைப் பற்றி நீங்கள் சொல்லேல்ல. அதையும் சொல்லுங்கோ.”

சொன்னேன். அதிகாரி பேனாவை மூடினார். “அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்” என்றார். அது பதிலா, மன்னிப்பா, தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னதா? அதைத் தமிழில் எந்தத் தொனியில் சொல்வதென்று தெரியாமல் அப்படியே ஒப்பித்தேன். பிறகு, “ஆட்களை எங்கே நிறுத்தலாம் என்று அம்மாவே சொல்லட்டும்” என்றார்.

“சந்தி முனையில. துவக்கு வேண்டாம்.”

சனிக்கிழமை தலைமன்னார் போக இருந்தேன், போகவில்லை. நான் சொன்ன சொற்கள் என்ன ஆகின்றன என்று பார்க்காமல் போக முடியவில்லை. மாலை நான்கு மணிக்கு வடிகான் சுத்தமாகியிருந்தது. சந்தி முனையில் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கி இல்லாமல் நின்றார்கள். கன்ரீன் கூடாரம் லொறியிலேயே மடித்துக் கிடந்தது. ஆறு மணிக்குள் தெருவில் நல்ல கூட்டம். கருவாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் ஆட்கள் நெருக்கியடித்தார்கள். மெர்சி அக்கா இரண்டாம் தடவை மாவு குழைத்தார்.

ஏழு மணி தாண்டி ஜெனரேட்டர் நின்றது. தெரு முழுக்க இருட்டு. பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்ததை உணர முடிந்தது. சந்திப் பக்கமிருந்து சப்பாத்துக் காலடிச் சத்தம் வேகமாக நெருங்கி வந்தது. அக்கா என் மணிக்கட்டை நோகும்படி பிடித்தார். டோர்ச் வெளிச்சம் கடைக்குள் விழுந்தது. வாசலில் ஒரு சிப்பாய், இருபத்தைந்து வயதிருக்கும், மூச்சு வாங்க நின்றார். அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் பிடி தளர்ந்தது. “தம்பி, லைற்றை இஞ்சால பிடியுங்கோ. எண்ணெய் ஊத்துப்படப் போகுது.”

அவருக்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, அடுப்புப் பக்கம் வெளிச்சத்தைப் பிடித்தார். ஐந்து நிமிடத்தில் விளக்குகள் திரும்பி வந்தன. அக்கா அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தார். அவர் அதை வாசலுக்கு வெளியே போய் நின்று குடித்தார்.

இதைப் படித்துவிட்டு அந்தச் சந்தை நல்லதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. அன்று எல்லோருக்கும் வியாபாரம் நடந்தது, எந்தக் கடையும் உடையவில்லை. வெளிச்சத்துக்கு நன்றி சொன்ன வாயாலேயே தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டையும் மொழிபெயர்த்த எனக்கே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தங்கும் அறை ஒரு இரவுக்கு 4,500 ரூபாய், மின்விசிறி மட்டும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தலைமன்னாருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், என்னைப் போல் விட்டுவிடாதீர்கள். படையினரைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், கடைக்காரரிடமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடியும்வரை பல கடைகள் திறக்காது, காலைச் சாப்பாட்டுக்கு பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கி வைக்கவில்லை. பசியோடு பஸ் நிலையத்தில் நின்றபோது பூசை முடிந்து மெர்சி அக்கா வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, கண்கள் சிவந்திருந்தன.

“அடுத்த சனியும் கடை போடுவீங்களா அக்கா?”

“போடத்தான் வேணும். நேற்று நல்ல யாவாரம்.” பிறகு, “அந்த ஆமிப் பெடியனைத் தம்பி எண்டு கூப்பிட்டிட்டன் என்ன? ராத்திரி முழுக்க நித்திரை இல்லை, தங்கச்சி.”

என்ன சொல்வதென்று இரண்டு மொழியிலும் தேடினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.