ஒரு நிமிட நோட்டீஸ்

தனத்தின் ஐஸ் கொட்டகைக்கு வங்கி பூட்டுப் போட்டதே, அந்த அக்கிரமத்துக்குச் செல்லோ டேப் கொடுத்தவன் நான்தான். கொடுத்ததோடு விட்டேனா? நோட்டீஸின் மூலையை என் கட்டைவிரலால் அழுத்தியும் பிடித்தேன்!

சொல்லிவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வியாபாரியாகப் பிறந்தவன், அந்த டேப்புக்குக் காசுகூட வாங்கவில்லை.

காசிமேட்டில் படகுகளுக்குக் கயிறு, கொக்கி, மிதவை விற்கும் கடை என்னுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன் என்பதால் தெருவுக்கே நான் அண்ணாச்சி. எதிரே தனத்தின் கொட்டகை. பெரிய ஐஸ் பார்களை மிஷினில் போட்டு உடைத்துப் படகுகளுக்குக் கொடுப்பவள். மிஷினும் அவள் குரலும் ஒரே நேரத்தில் ஓடினால் குரல்தான் காதில் விழும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். படகு நின்றால் ஐஸ் யாருக்கு வேண்டும்? அவளுடைய கடன் தவணைகள் தவறிப்போயின. அதற்காக வங்கி உடனே வந்து பூட்டுப் போட்டுவிட முடியுமா? முடியாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும்... சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு மத்தியானம் வங்கியின் ஆள் ஒருவர் வந்தார். தனம் சாப்பிடப் போயிருந்தாள். என்னிடம் டேப் வாங்கி, மூடியிருந்த அவளுடைய ஷட்டரில் ஒரு தாளை ஒட்டினார். உப்புக்காற்றில் பிசுபிசுத்த ஷட்டரில் ஒரு மூலை மட்டும் ஒட்டவே இல்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் புடிங்க" என்றார். பிடித்தேன். செல்போனில் படம் எடுத்தார். எடுத்த கையோடு தாளைக் கிழித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்!

"என்ன சார், ஒட்டிட்டு எடுத்துட்டுப் போறீய?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் ரெக்கார்டுக்குத்தான் அண்ணாச்சி. உங்க லோன் ரினியூவல்கூட எங்க பிராஞ்சுலதானே நிக்குது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பயமா? சுயநலமா? இரண்டும்தான். வேறென்ன சொல்ல!

தடைக்காலம் முடிந்தது. படகுகள் கிளம்பும் வாரம். கொட்டகை நிறைய ஐஸை இறக்கி வைத்திருந்தாள் தனம். அன்று பார்த்துப் பூட்டு விழுந்தது. உள்ளே இருந்ததெல்லாம் உருகி, ஷட்டருக்கு அடியில் வழிந்து, தெருவெல்லாம் தண்ணீர். சின்னப் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். தனம் நடுத்தெருவில் நின்று வங்கியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள். "ஒரு நோட்டீசு கூட வர்ல! எவன் கண்ணுலனா பட்டுச்சா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் பேசியிருப்பீர்கள். நான் ஓடிப்போய் அவளுக்குச் சோடா வாங்கி வந்தேன்!

அவள் சும்மா விடுகிறவளா? கடன் வழக்குகளுக்கென்றே இருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனாள். வாய்தாவுக்கு வாய்தா நானும் கூடவே போனேன். ஒருநாள் வங்கித் தரப்பு அந்தப் படத்தை எடுத்து நீட்டியது. ஷட்டர், தாள், ஓரத்தில் ஒரு கட்டைவிரல்... நான் என் கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். தனம் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"எவன் வெரலு அண்ணாச்சி இது? கலீஜா கீது. நகத்தக் கூட வெட்டாத பேமானி!"

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நகம் வெட்டினேன்.

நல்லவேளையாக வேறொரு ஓட்டை கிடைத்தது. கொட்டகையைக் கைப்பற்றியதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டுமாம், வங்கி செய்யவில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். 'கூடவே நின்ன மனுசன்' என்று எனக்கும் ஒரு மாலை! கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாதவன்...

ஆனால் அதற்குள் ஒரு பருவமே போயிருந்தது. மிஷின் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. வாடிக்கைப் படகுகள் வேறு கொட்டகைக்குப் பழகிவிட்டன. இப்போது தனம் மரச்சுத்தியலால் ஐஸ் உடைத்து, மீன் கூடைக்காரிகளுக்குச் சில்லறையாக விற்கிறாள்.

"நஷ்டஈடு கேட்கலாம். ஆனா வங்கி வேணும்னே ஏமாத்துச்சுன்னு நிரூபிக்கணும்" என்றார் அவளுடைய வக்கீல் அம்மா. "ஒட்டிப் படம் எடுத்துட்டு உடனே கிழிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். நான் நினைச்சா போதாது. கண்ணால பார்த்த ஒருத்தர் வந்து சொல்லணும்."

தனம் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நீ கேட்டா தெருவுல எல்லாரும் சொல்வாங்கோ. பாத்தவன் எவன்னா இருந்தா இட்டாந்துடு. பயந்துகினு கீறான் போல. நான் ஒன்னியும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. புது மிஷினு வாங்கினேன்னா மொத ஐஸு அவனுக்குத்தான்!"

ஒன்றும் சொல்ல மாட்டாளாம்! அதைக் கேட்ட பிறகும் என் வாய் ஏன் திறக்கவில்லை? லோன் போய்விடும் என்றா? அது அப்போதே ரினியூவல் ஆகிவிட்டது. மாலை போட்ட தெரு என்ன நினைக்கும் என்றா? ஆமாம்... அதுதான், வேறொன்றும் இல்லை.

ஆகவே தேடுகிறேன். டீக்கடை, மீன் ஏலம் போடும் இடம், வலை சரிசெய்யும் இடம் என்று ஒன்று விடாமல் போகிறேன். "யாராவது பாத்தீயளா?" என்று உரக்கவே கேட்கிறேன். அடுத்தவளுக்காக இப்படி அலைகிறாரே என்று ஜனங்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். குடிக்கிறேன்!

இன்று காலை கடை திறந்ததும் தனம் எதிரிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா அண்ணாச்சி, எவன்னா மாட்னானா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

"பரவால்ல, வுடு" என்று சிரித்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.