டீவி கேட்டால் சொல்வாள்

என் மகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. அவளாக ஒருமுறைகூட என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

சிதம்பரத்தில் எங்கள் கூடத்தில் இருப்பது நெட் இணைப்புள்ள டீவி. மாமியாரின் சீரியல் அழுகையைக் கேட்டுக் குழந்தை வளரக் கூடாது என்று, அவளுக்கு ஒன்றரை வயதானபோது நான்தான் அதைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மாற்றினேன். அதில் ஒரு முயல் கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பிள்ளை ரிமோட்டை அமுக்கினால்தான் அடுத்த கேள்வி வரும். சும்மா பார்ப்பதைவிடப் பதில் சொல்லிப் பார்ப்பது நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்திருக்கும்.

மாமியார் போனுக்கு மாறிக்கொண்டார். கணவர் ஏற்கெனவே போனில்தான் கிரிக்கெட் பார்ப்பார். நான் அந்த நேரத்தில் சமையலையும் துணியையும் முடிப்பேன்.

"பொட்டி கேக்குது, புள்ள சொல்லுது. நீ எப்பம்மா கேக்கப் போற?" என்று மாமியார் ஒருநாள் சொன்னார். சீரியல் போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முயலிடம் சொன்ன வார்த்தைகளை நோட்டில் எழுதிவந்தேன். பந்து, யானை, மஞ்சள். இருபத்தாறு சேர்ந்தன. ஆனால் தாகம் எடுத்தால் என் புடவையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுப்பாள். ஒரு சொல் வராது.

"எங்கப்பாவே நாலு வயசுலதான் பேசுனாராம். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியல. நோட்டு போட்டு நீயே பயந்துக்காத," என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் ஒரு மேடம் இருக்கிறார்.

மேடம் ஒரு பந்தை எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மகள் சுவரைப் பார்த்தாள். யானைப் பொம்மைக்கும் அப்படியே.

"வீட்ல நல்லா சொல்லுவா மேடம்," என்று நோட்டை நீட்டினேன்.

"சொல்லட்டும், அவசரமில்ல," என்றார்.

எனக்குத்தான் அவசரம். யோசிக்காமல், முயலின் கீச்சுக் குரலில், அது இழுக்கிற மாதிரியே இழுத்து, "பந்து எங்கே செல்லம்?" என்றேன்.

"பந்து," என்றாள் உடனே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜைமேல் அணைந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

மேடம் ஏதோ எழுதினார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டீவி என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். உண்மையில் நாலுக்குக் குறையாது. ஒரு மாதம் முழுக்க நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லாரும் அவளோடு பேசுங்கள் என்றார்.

நிறுத்தினோம். மாமியார் பாவம், போனையும் தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். டீவி அடங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் யாரும் பேசுவதே இல்லை. நான் அவளை எதிரில் உட்காரவைத்துக் கத்திரிக்காயைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல இருந்தது. அவள் எழுந்து போய் இருட்டுத் திரையைத் தட்டுவாள். கேள்வி வராது. மூன்றாவது வாரத்தில் அந்த இருபத்தாறு வார்த்தைகளும் நின்றுவிட்டன. முயல் குரலில் கேட்டும் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றுக் காலை, மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில், நானே டீவியைப் போட்டேன். அவள் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். முயல் நாலு படங்களைக் காட்டி, அம்மா எங்கே என்று கேட்டது.

அவள் ரிமோட்டை அமுக்கினாள். "அம்மா," என்றாள் தெளிவாக. திரையில், ஏப்ரன் கட்டிய யாரோ ஒரு பொம்மைப் பெண் கையசைத்தாள்.

இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ரிமோட்டில் அந்தக் கேள்விக்கே திரும்பப் போனேன். நாலைந்து தடவை சொன்னாள்.