எழுபத்தொரு பெயர்கள்

சாவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இருபத்தாறு அறைகளின் மாற்றுச் சாவிகளும் எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். அவள் மாடியேறும் சத்தம் கேட்டாலே மூன்றாம் தளத்தில் சிகரெட்டுகள் அணையும். கல்லூரிக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், மாணவர்களுக்கென்றே முதன்முதலில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டவள் அவள்தான். கணவன் இறந்தபோது கைக்கு வந்த பணத்தையெல்லாம் செங்கல்லாக மாற்றினாள். கையைச் சுட்டுக்கொள்வாள் என்று காத்திருந்த சொந்தக்காரர்களின் வாயை இரண்டே வருடத்தில் அடைத்தாள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அறை காலி இல்லையென்றால் வந்த பிள்ளையிடம் ஒரு நோட்டை நீட்டுவார்கள். பெயர், படிப்பு, அப்பாவின் போன் நம்பர் எழுத வேண்டும். முன்பணம் கிடையாது. இடம் காலியானால் வரிசைப்படி கூப்பிடுவார்கள். இந்த நோட்டை யாரும் யாருக்கும் திறந்து காட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆளைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? எண்ணிக்கையை மட்டும் பால் கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்கள். "என்கிட்ட நாப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்பார் ஒருவர். "அவ்வளவுதானா?" என்பாள் சாவியக்கா. அவள் நோட்டில் எழுபத்தொன்று.

அந்த எழுபத்தொன்றைத்தான் தம்பியிடம் காட்டினாள்.

தம்பி எலக்ட்ரீஷியன். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவள் கட்டடத்தில் ஓடும் ஒவ்வொரு ஒயரும் அவன் இழுத்ததுதான். அதே தெருக்கோடியில் அவனுக்கு ஒரு மனை இருந்தது. சின்னதாக ஒரு வீடு, கீழே பல்பும் ஸ்விட்சும் விற்க ஒரு கடை, இவ்வளவுதான் அவனும் அவன் மனைவியும் ஆசைப்பட்டது.

"கடையாம் கடை! தெருவே காசா கொட்டுது, நீ பல்பு வித்துக்கிட்டு உட்காரப் போறியா?" என்று நோட்டை அவன் மடியில் போட்டாள். "எண்ணிப் பாரு. எழுபத்தோரு பேரு. எனக்கு இடமில்ல. நீ கட்டு, இந்த நோட்டை அப்படியே உன் கையில குடுத்துடறேன்."

அக்கா சொல்லுக்கு அவனிடம் மறுபேச்சு கிடையாது. மனையை அடமானம் வைத்து பேங்கில் கடன் வாங்கினான். முதலில் இரண்டு மாடி என்றுதான் பேச்சு. எழுபத்தோரு பேருக்குக் காணாது என்று அது நான்கானது.

இதுவரை அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரியாமல் செய்தாள்.

தம்பியின் மனையில் அஸ்திவாரம் தோண்டி முடிந்த சமயம். சாவியக்காவின் பக்கத்து ஹாஸ்டல்காரர் ஒரு ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், ஒரு மணி நேரம் என் இடத்தில் உட்காரம்மா என்று கேட்டுக்கொண்டார். உட்கார்ந்தாள். போன் அடித்தது. யாரோ ஒரு பையனின் தகப்பன். "வேற இடத்துல சேர்த்துட்டேம்மா, என் பையன் பேரை அடிச்சிடுங்க" என்றார். அடிப்பதற்காக மாஸ்டரின் நோட்டைத் திறந்தாள். பெயர் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பச்சை மை, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. அதே பச்சை மையை அவள் தன் நோட்டிலும் பார்த்திருக்கிறாள். அதற்கடுத்த பெயரும் அவளிடம் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது.

ஓடிப்போய்த் தன் நோட்டை எடுத்துவந்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய எழுபத்தொன்றில் ஐம்பத்தெட்டுப் பேர் மாஸ்டரிடமும் இருந்தார்கள். பிள்ளைகள் ஒரே காலையில் தெருவின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரை எல்லா நோட்டிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? எழுதக் காசு ஒன்றும் கட்ட வேண்டியதில்லையே. ஒரே கூட்டத்தைப் பதினான்கு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எண்ணிக்கொண்டு, அதை நம்பி ஒன்பது புதுக் கட்டடங்களுக்கு வாயைப் பிளந்துகொண்டு செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் திரும்பியதும் நேராகத் தம்பியின் மனைக்குப் போனாள். சொல்லத்தான் போனாள். இரண்டு மாடியோடு நிறுத்திக்கொள், கீழே கடையைப் போடு என்பதுவரை வார்த்தைகளை வழியெல்லாம் கோர்த்துக்கொண்டே போனாள். அங்கே கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி முழங்கால்வரை சேற்றோடு நின்று வேலையாட்களுக்குக் குளிர்பானம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலைகால் புரியாமல் ஓடி வந்தான்.

"அக்கா, நாலு மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் போடறோம்! மேஸ்திரிகிட்ட சொன்னேன், எங்கக்கா இல்லன்னா நான் இன்னும் ஏணியில தொங்கிக்கிட்டுதான் இருந்திருப்பேன்னு."

நாக்கு நுனிவரை வந்ததை அவள் மென்று விழுங்கினாள். "தூணுக்குக் கம்பியை நெருக்கமா கட்டச் சொல்லுடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பால் கடையில் அத்தனை பேச்சுப் பேசியவள், என் எண்ணிக்கை பொய் என்று தம்பியின் மேஸ்திரிக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினாள். அந்த நாளை வரும் முன்னே முதல் தளம் வந்துவிட்டது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு தளத்துக்கும் இனிமேல் சொல்லி என்ன பயன் என்ற சமாதானமும் கூடவே எழும்பியது.

கட்டடம் திறந்த அன்று வாக்குக் கொடுத்தபடி நோட்டைத் தம்பியிடம் கொடுத்தாள். எழுபத்தோரு நம்பருக்கும் போன் செய்தான். ஆறு பேர் வந்தார்கள்.

அடுத்த வருடம் கல்லூரி தானே ஒரு ஹாஸ்டல் கட்டியது. படிப்புக் கட்டணமும் ஏற, வெளியூர்ப் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். முதல் மாதம் இலவசம் என்று வீட்டுக்காரர் ஒருவர் எழுதிப் போட்டார். இன்னொருவர் நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு ஒரு மெஷின் வாங்கி வைத்தார். அதில் பிள்ளைகள் துண்டு காயப்போட்டார்கள். தம்பி காலி அறைகளின் விளக்குகளையெல்லாம் ஒரே ஸ்விட்சில் இணைத்து, சாயங்காலமானால் முப்பத்திரண்டு ஜன்னலையும் எரியவிட்டான். பார்ப்பவர்களுக்கு வீடு நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்து, "யோசிச்சு சொல்றோம் அண்ணே" என்று போனார்கள். யோசித்தவர்கள் எவரும் திரும்பி வந்ததில்லை.

மூன்றாம் வருடம் பேங்க் அந்தக் கட்டடத்தை ஏலம் விட்டது. அவன் போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. தம்பி, மனைவி மகளோடு ஊருக்கு வெளியே ஓரறை வீட்டுக்குப் போனான். சாவியக்காவிடமும் பாதிக்கு மேல் அறைகள் காலிதான். இங்கே வந்து இரு என்று எவ்வளவோ கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. "உன் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கணுமா?" என்றுவிட்டான். பழையபடி ஏணியைத் தூக்கினான். சாவியக்கா இளைத்துப்போனாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். சவரம் செய்த முகம், கையில் ஒரு கேக் பொட்டலம்.

"ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்குக்கா. மாசச் சம்பளம். ஜெனரேட்டர், லிஃப்ட் எல்லாம் இனிமே என் பொறுப்பு." சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று. "நீ ஏன் இப்படி ஆயிட்டே? எல்லாருக்கும்தான் விழுந்தது அடி. வீட்டுல அவ ஒருநாள் உன்னைச் சொன்னா, உங்கக்காவாலதான்னு. அன்னிக்கு ரெண்டு நாள் அவகூட நான் பேசலக்கா. எங்கக்காவுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைக் கட்ட விட்டிருப்பாளான்னு கேட்டேன்."

நல்லவள் என்ற பெயரை, அவன் தன் மனைவியோடு பேசாமல் இருந்த அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"தெரியும்டா" என்றாள்.

"என்ன தெரியும்?"

மாஸ்டரின் நோட்டை, பச்சை மையை, ஐம்பத்தெட்டை எல்லாம் கொட்டினாள். "நீ அஸ்திவாரம் போட்ட அன்னிக்கே தெரியும். சொல்லத்தான் வந்தேன்."

அவன் கேக் பொட்டலத்தின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு மாடியோட நிறுத்தியிருப்பேன்" என்றான் மெதுவாக. பிறகு, "ஏன்க்கா சொல்லல?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்தேடா நீ. மனசு வரல."

தம்பி எழுந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இன்னிக்கும் சந்தோஷமாத்தானேக்கா வந்தேன்" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். அவள் பின்னால் போகவில்லை.