நாலு மூலையும் ஒரே மட்டம்

கடைத்தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். எடை அளவு ஆய்வாளராக முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்தவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிடுவார்கள். துணிக்கடை மீட்டர் கோல் முனை தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலும் எழுதிவிடுவார். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டார். டம்ளர் சின்னதாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஆய்வு செய்ய வீடு ஒன்றுதான் மிச்சமிருந்தது. கடிகாரம் சாய்ந்திருக்கிறது, கதவு இடுக்கு மேலே அகலம் கீழே குறுகல், மகள் மாட்டிய படம் இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்று நாள் தவறாமல் சொல்வார். சொல்வதோடு சரி. சரிசெய்வது அவருடைய இலாகா இல்லை.

சமையலறையை ஒட்டி ஆறடிக்கு ஐந்தடியில் ஓர் அறை இருந்தது. துணி துவைக்கும் அறை. சிமென்ட் தரை, பூஞ்சை பிடித்த சுவர், ஆணியில் தொங்கும் கிளிப் பை, பழைய வாஷிங் மெஷின். அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. பிழிவதற்காகச் சுழலத் தொடங்கினால் ஆட்டம் போட்டபடி மெல்ல நடக்க ஆரம்பிக்கும். பின்சுவரிலிருந்து கிளம்பி, மூலையில் தண்ணீர் போகும் துளை வரைக்கும் வந்துவிடும். அவர் மனைவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அது நகராமல் முதுகால் முட்டுக் கொடுப்பாள்.

ஒரு நாள் காலை அவள் அப்படி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார்.

"மெஷின் நேரா நிக்கல."

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாது பாருங்க."

"தரை கோணல். கட்டினவன் நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டான்."

"ஊர்ல இருக்கற தராசையெல்லாம் நேராக்கினீங்க. சொந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்சதுண்டா? குத்தம் சொல்லத்தான் ஆளு."

மெஷின் உலுக்கிய உலுக்கலில் அவள் பேச்சு துண்டு துண்டாக வந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உறைத்தது.

அடுத்த வாரம் வெளியூரில் இருக்கும் மகள் கால் எலும்பு முறிந்து படுத்துவிட, பார்த்துக்கொள்ள மனைவி மூன்று வாரத்துக்குக் கிளம்பினாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். வேலையாள் யாரும் வேண்டாம். அந்த அறையைத் தன் கையாலேயே புதுசாக்க வேண்டும். அவள் வந்து பார்த்து, தன் வாயால் "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அவள் அவருக்குத் தராத சான்றிதழ் அது. தரும்படி அவர் எதையும் செய்ததில்லை என்பதும் உண்மைதான்.

முதலில் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழ் நடுவில் நிற்காமல் ஓரமாக ஓடியது. பின்சுவரிலிருந்து துளை இருக்கும் மூலை வரைக்கும் அளந்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர் இறக்கம். பத்துப் பதினைந்து அல்ல, இருபத்திரண்டு. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

டைல்ஸ் கடைக்காரர் விவரம் கேட்டார்.

"ஒட்டறது யாரு சார்?"

"நானேதான்."

கடைக்காரர் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "துணி துவைக்கிற ரூமா? அப்ப வாட்டம் பாத்துக்குங்க சார்."

மனைவி ஊருக்குப் போய் இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் முகம் காட்டிக்கொடுக்கிறதா என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"வாட்டமெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல சார், இப்பவே கவனிக்கலன்னா பின்னாடி ரொம்பக் கஷ்டப்படுவீங்க."

"மூணு வாரத்துல வந்துடுவா," என்றார் அவர் கறாராக.

கடைக்காரர் பில்லைக் கிழித்துக் கொடுத்தார். பெட்டிகளை ஏற்றச் சொல்லி ஆளுக்குக் கை காட்டினார்.

மெஷின் கூடத்துக்கு இடம் மாறியது. அவர் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கை வெள்ளையடித்தார். தரையின் பள்ளத்தைக் கலவையால் நிரவி, துளையின் வாயையும் அதே உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். டைல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டைகள் வைத்து இடைவெளி பார்த்தார். முதல் இரண்டு வரிசை தட்டினால் டொக்கென்று கேட்டது. பெயர்த்து மறுபடி ஒட்டினார். முட்டி வீங்கியது, நகத்துக்குள் சிமென்ட் குடியேறியது. மனைவி போனில் "என்னங்க அங்க தட்டற சத்தம்?" என்று கேட்டபோது, "டிவி" என்றார்.

பிறகு ஒரு அலமாரி, சட்டை தொங்கவிட ஒரு கம்பி, வெள்ளைக்கும் கலருக்கும் தனித்தனிக் கூடை, துணி மடிக்க மடக்குப் பலகை. கடைசியாக ரசமட்டத்தை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. மெஷினைக் கொண்டுவந்து வைத்து, அதன் தலையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, துணியும் போடாமல் குழாயும் திறக்காமல் வெறுமனே சுழலவிட்டார். மெஷின் அசையவில்லை. டம்ளரிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்த அறையில் தண்ணீரை வைத்து அவர் நடத்திய சோதனை அது ஒன்றுதான்.

மனைவி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அலமாரியைத் தொட்டாள், பலகையை மடக்கி விரித்தாள், தரையில் காலால் தேய்த்துப் பார்த்தாள். அவர் கதவோரம் நின்று அவள் கையையே பார்த்தார்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

அவர் "ம்" என்றார். "நீ போய்ப் படு. பயணத்துணியை நானே போடறேன்," என்று அவளை அனுப்பினார்.

அரைமணி நேரத்தில் மெஷின் முதல் தண்ணீரை வெளியே விட்டது. அது துளையை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேதான் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லாததால், அறை முழுக்கப் பரவி நின்றது. அவர் ஓடிப்போய் அளவுகோலை நட்டார். நாலு மூலையிலும் ஆறு மில்லிமீட்டர். எங்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

அவர் கதவைச் சாத்தித் தாழிட்டார். நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் வைப்பரை எடுத்து, தண்ணீரைத் துளைக்குத் தள்ளினார். தள்ளத் தள்ளப் பாதி திரும்பி வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் துணி துவைப்பது அவர் பொறுப்பாகிவிட்டது. மனைவி கூடையைத் தூக்கினால் "கீழ வையி, உனக்கு எதுக்கு" என்று பிடுங்கிக்கொள்வார். அவளை உள்ளே விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்; வாங்கிய சான்றிதழ் ரத்தாகிவிடும். போர்வை, மெத்தை உறை, மிதியடி எல்லாம் அவரே போட்டு, அவரே தள்ளி, அவரே துடைத்து, தரை காய்ந்த பிறகுதான் கதவைத் திறப்பார். மனைவியின் தங்கை போனில் கேட்டாள்: "என்னக்கா, மாமாதான் துணி துவைக்கிறாராமே? எங்க வீட்டுல இருக்கறதும் இருக்கே, சாக்ஸைக்கூடக் கழட்டின இடத்துலதான் போடும்." மனைவி சிரித்ததோடு சரி.

இப்படி நாலு மாதம் போனது. மாடியில் விரிசல் பார்க்க வந்த கொத்தனார் கை கழுவ இடம் தேடி, தாழிட மறந்திருந்த அந்தக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மில்லிமீட்டர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வைப்பரும் கையுமாக நின்றார்.

கொத்தனார் தரையைப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கே. ஆனா ஏன் சார், வாட்டமே விடலையா?"

"என்ன வாட்டம்?"

"தரைக்குத்தான் சார். தண்ணி ஓடறதுக்குச் சரிவு விடறது. வாட்டம் இல்லன்னா தண்ணி நிக்கத்தானே செய்யும்?"

டைல்ஸ் கடைக்காரர் அன்று சொன்னது தன் முகவாட்டத்தைப் பற்றி அல்ல என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

"முன்னாடி கோணலாதான் இருந்தது," என்றார் மெதுவாக. "மெஷின் நடந்துச்சு."

"மெஷினுக்கு அடியில திருகு கால் இருக்குமே. நாலு சுத்து சுத்தியிருந்தா நின்னுருக்கும். அதுக்குப் போயி தரையவே..." கொத்தனார் மீதியை விழுங்கினார். "பரவால்ல சார், ரெண்டே நாள். பேத்துட்டுப் போட்டுத் தர்றேன்."

அவர் வாழ்நாளில் பிறர் தலையில் எத்தனையோ முறை எழுதிய வாக்கியத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொல்ல வாய் திறந்தார். "தப்பு என்னோடதுதான். பேத்து..."

"வேணாம் தம்பி," என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. கையில் மடித்த பேப்பரோடு நின்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இல்லக்கா, தண்ணி நிக்குதே."

"நிக்கட்டும். முதல் நாள்லேர்ந்து நிக்குது. அவர் தள்ளிவிட்டுக்கறார்."

அவர் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்து ரூம்ல உக்காந்துதானே பேப்பர் படிக்கறேன். சர்ரு சர்ருன்னு தள்றது கேக்காதா?"

"அப்ப நல்லா இருக்குன்னு சொன்னது?"

"நல்லாத்தானே இருக்கு. நாலு மாசமா எனக்கு முதுகே வலிக்கல." அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "நீங்க வாங்க தம்பி, மாடி விரிசலைக் காட்டறேன்."

அவள் சொன்னது அறையையா, தான் துவைக்கும் ஏற்பாட்டையா என்று அவர் எடை போட்டுப் பார்த்தார். எந்தப் பக்கமும் சாயவில்லை. மாடிப்படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது. மெஷின் லேசாகச் செருமிவிட்டு, இரண்டாம் தண்ணீரைத் தரையில் விட்டது. அவர் நழுவியிருந்த கால்சட்டையை இன்னும் ஒரு சுற்று மேலே சுருட்டினார்.