நூற்றெண்பது டிகிரி

அந்தப் பழைய வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றியவன் நான்தான். உள்ளங்கை அகல வட்டத் தகடு, பழுப்பேறிய கண்ணாடி, நூற்றெண்பதில் நிற்கும் சிவப்பு முள். மலேசியாவில், ஈப்போ நகரத்து ஹோட்டல் ஒன்றின் சவுனா அறை அது. பலகை அடித்த சின்ன அறைக்குள் கல் நிரப்பிய மின்சார அடுப்பு. மனிதர்கள் காசு கொடுத்து வேர்க்கப் போகும் இடம். "எஸ்டேட்ல சும்மாவே வேர்த்துச்சு, இங்க டிக்கெட்டு வாங்கி வேர்க்கிறானுங்க லா" என்று சிரிப்பார், அந்த அறையைப் பார்த்துக்கொண்ட அண்ணன். கூடப் பிறந்தவர் அல்ல. வேலையிடத்தில் நான் அண்ணே என்று கூப்பிட்டவர்.

கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் இருபது வருடம் தீ பார்த்தவர். அங்கே நூற்று நாற்பது, இங்கே நூற்றெண்பது. இரண்டுமே பாரன்ஹீட். சூட்டுக்கு வேறொரு அளவு உண்டு என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை. முள்ளைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். கை ஒப்புக்கொண்டால்தான் ஆளை உள்ளே விடுவார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நான் சர்டிபிகேட் வாங்கிய வயர்மேன் அல்லவா!

புது அடுப்பையும், எண் காட்டும் பெட்டியையும் மாட்டப் போனேன். பெட்டி செல்சியஸில் காட்டும், நூற்றுப்பத்தோடு நின்றுவிடும். ஆள் வருவதற்கு அரைமணி முன்னால் அடுப்பைப் போட்டால் போதும், எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உட்கார விடக் கூடாது. இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். தைப்பிங்கில் இன்னொரு வேலை காத்திருந்தது. "எப்பவும் போல வைங்கண்ணே. கைய நீட்டிப் பாக்குறத மட்டும் விடுங்க. நம்பர நம்புங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து போன் செய்தார். "தம்பி, புது அடுப்பு நூத்திப்பத்துக்கு மேல ஏற மாட்டேங்குது. கைக்குச் சுடுது, ஆனா நம்பர் பத்தலை லா." நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். "அடுத்த வாரம் வாரேன்ணே" என்று வைத்துவிட்டேன். சே, மடையன்! நூற்றுப்பத்து செல்சியஸ் என்றால் அவருடைய பழைய முள்ளில் இருநூற்று முப்பது. அவரோ, நூற்றெண்பதுக்கு எழுபது குறைகிறதே, வந்தவர்கள் குறை சொல்வார்களே என்று கவலைப்பட்டு, பெட்டியை உச்சத்திலேயே விட்டிருந்தார்.

அடுத்த வாரம் நான் போவதற்குள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மேல் பலகையில் மயங்கிக் கிடந்தார். அண்ணன்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் உயிர் போய்விட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "இது செல்சியஸ்னு இவருக்கு விளக்குனீங்களா?" லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் எனக்கு. "விளக்குனேன்" என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "ஆமாங்க, தம்பி சொல்லுச்சு. நான்தான் மறந்துட்டேன்" என்றார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வாசலில் அவர் பின்னால் ஓடினேன். "ஒனக்குப் பச்சப்புள்ள இருக்கு. போ, போய் வேலயப் பாரு" என்றார். நானும் போய் வேலையைப் பார்த்தேன்.

இன்றைக்கு எந்தச் சவுனாவில் பெட்டி மாட்டினாலும், செல்சியஸ் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டிவிட்டு, துண்டு மடிக்கிறவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். கூட வரும் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடியிருந்தவர்களிடம் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. இவருதான் கேக்கல. நான்தான் ஒரு வாத்தியாரக் கொன்னுட்டேன்னு கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லி அழுவாரு." எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.