நசார் மாஸ்டரின் பதினாறு மணித்தியாலம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கல்முனைச் சந்தையில் என் கூட்டாளி நசார் மாஸ்டரைப் பறிகொடுக்கப் பார்த்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

நசார் சம்மாந்துறையில் கணிதம் படிப்பிக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. ஆறு வருடமாகச் சீனி வருத்தம், டொக்டர் பாஷையில் நீரிழிவு. காலையில் ஒரு மருந்துக் குளிசை, இரவில் ஒரு குளிசை. வயிறும் முழங்காலும் சேர்ந்து, நிலத்தில் குனிய விடாமல், மனுசனைப் பள்ளிவாசலில் கதிரைக்கு அனுப்பிவிட்டன. எழுபது வயது ஆட்களுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து தொழுவது அவருக்குப் பெரிய கவலை.

"நெத்தி நிலத்தில படணும் மச்சான். அதுக்காகவாவது இந்த வயித்தக் குறைக்கணும்" என்று ஒருநாள் கண் கலங்கினார்.

அப்படித்தான் 'இன்டர்மிட்டன்ட் பாஸ்டிங்' வந்து சேர்ந்தது... யூடியூப் உபயம்! இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பகல் பன்னிரண்டு வரை வெறும் தண்ணீர். பதினாறு மணித்தியாலம். நேரம் காட்ட போனில் ஒரு ஆப். மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. நானும் சும்மா இருந்தேனா? "விட்டுடாதீங்க மச்சான்" என்று உசுப்பேற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வேகமாகக் குறைய வேண்டுமென்று கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடந்திருக்கிறார். குளிசையையும் வழக்கம்போல வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். பதினொரு மணிக்கு இருவரும் மீன் வாங்கப் போனோம். பாரை மீனுக்கு முன்னால் நின்றவர் திடீரென்று கதையை நிறுத்தினார். சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்ல... கண் இருட்டுது. இன்னும் ஒரு மணித்தியாலந்தானே..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாங்கிக்கங்க, பன்னிரண்டு ஆகப் போகுது!" இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மீன் வெட்டிக்கொண்டிருந்த சரோஜா அக்கா கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

"சேருக்குச் சீனி வருத்தம் இருக்கா?"

"ஓம்" என்றேன்.

"காலையில குளிசை போட்டவரா? சாப்பிட்டவரா?"

"குளிசை போட்டவர். சாப்பாடு பன்னிரண்டு மணிக்குத்தான்..."

"என்ன கதை கதைக்கிறீங்க! சீனி இறங்கிப் போச்சு. என்ட மனுசனுக்கும் இப்பிடித்தான் வந்தது. அவர நிலத்தில இருத்துங்க!"

பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து சீனி கரைத்த தண்ணீரை அவரே ஓடிப்போய் வாங்கி வந்தார். நசார் வேண்டாம் என்று தலையாட்டி, போனைக் காட்டினார். அக்கா அதைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

"குடிங்க சேர்! உங்கட பிள்ளைகள நினைச்சுக் குடிங்க."

அதட்டலா, கெஞ்சலா... தெரியவில்லை. குடித்தார். கால் மணித்தியாலத்தில் முகத்துக்கு உயிர் வந்தது. எனக்கும்தான்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவரை வழக்கமாகப் பார்க்கும் டொக்டர்தான் இருந்தார்.

"ரமழானுக்கு முன்னால வருசா வருசம் வந்து குளிசை நேரத்த மாத்திக்கிட்டுப் போறீங்களே மாஸ்டர். இதுக்கு ஏன் வரல்ல?"

"அது நோன்பு டொக்டர். இது டயட்தானேன்னு விட்டுட்டன்" என்றார் நசார்.

எனக்கு அங்கேதான் உறைத்தது. அல்லாஹ்வுக்காகப் பிடிக்கும் நோன்பில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் முறித்துக்கொள்ளலாம். நாங்களாகப் பிடித்த ஒன்றில் அந்த இரக்கத்தை எங்களுக்கு நாங்களே ஏன் மறுத்தோம்?

நசார் முயற்சியை விடவில்லை. டொக்டர் குளிசையை மாற்றி, பன்னிரண்டு மணித்தியாலம் போதும், காலைச் சாப்பாடு கட்டாயம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது எடை மெதுவாகத்தான் குறைகிறது. தொழுகை இன்னும் கதிரையில்தான். "குறையட்டும், அவசரமில்ல" என்கிறார்.

நேற்று மறுபடியும் மீன் வாங்கப் போனோம். சரோஜா அக்கா மீனைத் தொடவே இல்லை.

"சேர், சாப்பிட்டீங்களா?"

"ஓம் அக்கா. நாலு இடியப்பம், ஒரு முட்டை" என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தார் நசார்.

அதற்குப் பிறகுதான் மீன் தராசில் ஏறியது.