நாற்பது பேருக்கும் ஒரே கை

மேகலா கள்ளக் கையெழுத்துப் போட்டு லைப்ரரியை மூடவைத்தாளாம். சொல்கிறவர்கள் வாய் வலிக்கிறவரை சொல்லட்டும். அதில் ஒன்றுகூட அவள் போட்டதில்லை. போட்டவள் ஹலீமா பீ. இப்போது இதைச் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஷூ கம்பெனியில் ரிட்டையர் ஆன மறுநாளே ஹலீமா பீ குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் மேகலாவையே மெல்லுகிற வாய்களை என்ன செய்வது?

மேகலா அணைக்கட்டுப் பக்கத்துப் பெண். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதே ஷூ கம்பெனியில், பசை ஒட்டுகிற இடத்தில் ஒன்பது வருஷம் நின்றாள். பசை நெடியில் இழுப்பு வந்து, இனி அந்த வாசலை மிதிக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகுதான், பாலாற்றங்கரைத் தெருவிலிருந்த கிளை நூலகத்துக்கு வந்தாள். பெருக்குவது, பேப்பர் விரிப்பது, புத்தகத்தில் முத்திரை குத்துவது, எல்லாம் அவளே. மழை ஒழுகினால் பிளாஸ்டிக் தாள் வாங்கிவந்து அலமாரிகளுக்குப் போர்த்துவாள். அவள் வீடும்தான் ஒழுகியது. அங்கே பாத்திரம் வைத்துச் சமாளித்தாள்.

ஒரு தை மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நூலகங்களுக்குப் பணம் குறைத்தாயிற்று, தினம் ஐம்பது பேர் வராத கிளையை ஊருக்குள் இருக்கும் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடுவோம், இரண்டு மாதம் வருகைப் பதிவேட்டைப் பார்ப்போம் என்று. பேப்பர் அன்றைக்கே நின்றது.

தெரு சும்மா இருக்கவில்லை. டீக்கடை பாண்டியன் தன் கடைப் பேப்பரைப் பத்து மணிக்கு மடித்து அனுப்பினான். பள்ளிவாசல்காரர்கள் இரண்டு ஃபேன் மாட்டினார்கள். நர்ஸ் வேலைப் பரீட்சைக்குப் படித்த தூபா, கூடப் படிக்கிற நாலு பெண்களை இழுத்துவந்தாள். அப்படியும் இருபதைத் தாண்டவில்லை. தெருவில் பாதிப்பேர் கம்பெனியில் அல்லவா இருந்தார்கள்! கம்பெனி பஸ் ஏழு மணிக்கு இறக்கிவிடும் என்று மேகலா எட்டரை வரை கதவைத் திறந்துவைத்தாள். ஹலீமா பீ தன் லைன் பெண்கள் நாற்பது பேரையும் கூட்டிவந்தாள். பத்து நாள் கால் நீட்டி உட்கார்ந்து, படித்தும் சிரித்தும் போனார்கள். பிறகு ஷிப்மென்ட் நெருக்கி, ஓவர்டைம் வந்துவிட்டது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஓவர்டைம் நோட்டு வந்தால் அதற்காக மிஷினை நிறுத்த மாட்டார்கள். லைனில் ஒருத்தியே எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இருபது வருஷமாக அந்த லைனுக்கு ஹலீமா பீதான். காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில், மேகலா பெருக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, வருகைப் பதிவேட்டில் நாற்பது பேருக்கும் விறுவிறுவென்று போட்டாள்.

“ஆபா, இது கம்பெனி நோட்டு இல்ல. வந்தவங்கதான் போடணும்” என்றாள் மேகலா. ஆபா என்றால் அக்கா; ஹலீமா பீயை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“வந்தவங்கதானேடி? ஷிப்மென்ட் போனா மறுபடி வருவாங்க. நடுவுல வர விடாதது யாரு, அவங்களா?”

“ஆபீசர் கேட்டா இன்னா சொல்றது?”

“எங்க கம்பெனிக்கு ஷூ வாங்குற ஜெர்மனிக்காரனே வந்து பாக்குறான், அவனே கேக்கல. உன் ஆபீசர் பெரிய ஆளு! தள்ளு, பஸ் வந்துடுச்சு.”

மேகலா பதிவேட்டைப் பூட்டிவைத்திருக்கலாம். வைக்கவில்லை. தினமும் அறுபது என்று எழுதும்போது கை ஆசைப்பட்டது. பதினேழு நாள் அப்படியே விட்டாள். அது அவள் தப்புதான். அதை மூடிமறைத்து அவளை நல்லவளாக்க வேண்டியதில்லை.

அதிகாரி வந்து நாலு பக்கம் புரட்டியதுமே நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா, நாப்பது பேருக்கும் ஒரே கை? யார் போட்டது? சொல்லலன்னா கம்பெனிக்கே எழுதுவேன்.”

ஹலீமா பீ ரிட்டையர் ஆக ஏழு மாதம் இருந்தது. கடிதம் போனால் மறுநாளே வேலை போய், கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

“நான்தான் போட்டேன்னு எழுதிக் குடுத்தா, சார்?”

“உன்னோட முடிஞ்சிடும்.”

“மத்தவங்க நெஜமா வந்தவங்க சார். தூபா ஒரு நாள் தவறல. அதையாவது எண்ணிக்குங்க.”

அவர் எண்ணவில்லை. இரண்டு மாதப் பக்கங்களையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார். மேகலா எழுதிக்கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஊரே கூடித் தூக்குனத ஒருத்தி கவுத்துட்டா” என்று பாண்டியன் டீ ஆற்றியபடியே சொன்னான். ஃபேன்களைக் கழற்ற வந்தவர்கள் அவளிடம் ஏணியைப் பிடிக்கக்கூடச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த ஹலீமா பீ வீட்டுக்கே ஓடிவந்து அழுதாள். “வாயத் தொறக்காத ஆபா. போனது ஒண்ணோட போகட்டும்” என்று அவளை அனுப்பிவைத்தாள் மேகலா.

சித்திரையில் மினி லாரி வந்தது. புத்தகங்களைக் கட்டுக்கட்டாய்த் தூக்கிப் போட்டார்கள். தூபா ஓடிவந்தாள்.

“அக்கா, அந்த நர்சிங் புக்கு! பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்தான்க்கா.”

மேகலா கட்டை அவிழ்க்கப் போனாள். லாரியோடு வந்த குமாஸ்தா தடுத்தார். “லிஸ்ட் போட்டாச்சும்மா. பெரிய லைப்ரரியில வந்து கேக்கச் சொல்லு.”

“அங்க எப்போ குடுப்பீங்க?”

“அடுக்கி முடிக்க ரெண்டு மாசம் ஆகும்.”

தூபா திரும்பிப் போய்விட்டாள். லாரி நிறைந்தது. வெறும் அலமாரிகள் நின்ற அறையில் குமாஸ்தா பூட்டையும் சாவியையும் மேகலாவிடம் நீட்டினார். “பூட்டிக் குடுத்துட்டுப் போம்மா.”

“பதினாறு வருஷமா, மறுநாள் தொறக்கலாம்னுதான் பூட்டினேன். இத நீங்களே பூட்டிக்குங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு, எதிரே டீக்கடையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, படியிறங்கிப் போனாள்.